ரிப்பன் கடிக்கிற பிள்ளை

நீங்கள் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். ஷாஹீனிடம் இதைக் கேட்டிருந்தால், நீங்கள் கேட்டு முடிப்பதற்கு முன்பே "அதெல்லாம் இருப்பேன், பத்து செகண்டாவது இருப்பேன்" என்று சொல்லியிருப்பாள்.

ஷாஹீன் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினோரு வருட சர்வீஸ். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பாள். யாருக்காவது ஜுரம் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அவள் வாய் மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அது பிறந்த இடத்துப் பழக்கம். வாலாஜாபாத்தில் அரிசி மில்லை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். மெஷின் நிற்கிற இடைவெளியில் கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதையும் நாமே சொல்லி முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். கல்யாணமாகி காஞ்சிபுரத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த மெஷின் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்த வாரம் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, தினமும் கடைசி இரண்டு பிரியடுக்கு மேடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எழுதுவார்கள். ஆபீஸ் பேப்பரில் அதற்குப் பெயர் தனிப் பயிற்சி. பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் மக்கு ரூம். மூன்று வருடத்தில் அந்த அறைக்குப் போன ஒரு பிள்ளையும் திரும்பி வகுப்புக்கு வந்ததை ஷாஹீன் பார்த்ததில்லை. வியாழக்கிழமை காலைக்குள் தலைமையாசிரியை மேசைக்குப் பட்டியல் போக வேண்டும். ஷாஹீன் எட்டுப் பெயர் எழுதியிருந்தாள். ஏழு பெயரைப் பென்சிலில் எழுதினாள். முதல் பெயரை மட்டும் யோசிக்காமல் பேனாவில் எழுதினாள். தேவிப்ரியா.

ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற பிள்ளை அது. ரெட்டைச் சடை, பச்சை ரிப்பன். எதைக் கேட்டாலும் ரிப்பன் நுனியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு ஜன்னலைப் பார்க்கும். "ரிப்பனை வாயிலேருந்து எடுடி கண்ணு" என்று ஷாஹீன் சொல்லாத நாள் கிடையாது. எடுக்கும். அடுத்த கேள்விக்கு மறுபடி கவ்வும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷாஹீன் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே போனில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டீச்சரும் பத்து நிமிடம் பாடம் நடத்தியதைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்பது தலைமையாசிரியையின் புது உத்தரவு. எதிரே அவள் வீட்டுக்காரர் ஃபைசான் ஒரு தையல் மெஷினின் தலையைக் கழற்றி நியூஸ்பேப்பர் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் மெஷின் ரிப்பேர்தான் அவர் தொழில். கடையில் முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

போனில் ஷாஹீனின் குரல் ஓடியது.

"ரெண்டு பஸ்ஸு. ஒன்னு பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தபா கிளம்புது. இன்னொன்னு பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு தபா. ஒன்பது மணிக்கு ரெண்டும் ஒன்னா கிளம்பிடிச்சி. மறுபடியும் எத்தனை நிமிஷம் கழிச்சி ஒன்னா கிளம்பும்? ஆங்? யாரு சொல்றீங்க? யாரும் இல்லியா? சரி வுடுங்க, பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க. ஓர் பன்னெண்டு பன்னெண்டு..."

ஃபைசான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாங்க சிரிப்பு?"

"ஒன்னுமில்ல. பாவம் அந்தப் புள்ளைங்க. என்னை மாதிரியே மாட்டிக்கினு இருக்குதுங்க."

"உங்களை இன்னா பண்ணிட்டேன் நானு?"

"நேத்து கடையிலேருந்து வந்தேன். நீ இன்னா கேட்ட? 'சாப்படறீங்களா? பசிக்கலியா? வடை கிடை சாப்ட்டிருப்பீங்க, தோசை போதும்.' நான் செருப்பைக் கூட கழட்டல ஷாஹீன். வடையும் சாப்டல."

"தோசை சாப்ட்டீங்க இல்ல?"

"சாப்ட்டேன். பிரியாணி கேக்கலாம்னு இருந்தேன்."

ஷாஹீன் ஒரு கொத்தவரங்காயை அவர் மேல் எறிந்தாள். போனில் பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. வாய்ப்பாடு முடிந்து, "இப்ப பதினஞ்சையும் இருபதையும் எடுத்துக்குவோம்" என்று அவள் சொல்லும்போது ஒரு சின்னக் குரல் கேட்டது.

"முப்பத்தாறு மிஸ்."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. "தேவிப்ரியா, எங்கடி இருக்க நீ? ரிப்பனை எடு. கவனி."

"யாரு அது?" என்றார் ஃபைசான்.

"அது ஒரு பொண்ணு. பாவம், சம்பந்தமே இல்லாம எதனா சொல்லும். பட்டியல்ல மொத பேரே அதுதான்."

ஃபைசான் எண்ணெய் விரலால் போனில் பதிவைப் பின்னால் ஓட்டினார். பஸ் கணக்கை மறுபடி கேட்டார். அவர் பத்தாவது பெயில். ஆனால் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அது எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார்.

"பன்னெண்டு, இருபத்திநாலு, முப்பத்தாறு. பதினெட்டு, முப்பத்தாறு. ஏ டீச்சரம்மா, முப்பத்தாறுதான வருது?"

ஷாஹீன் கத்தியை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்குது. நீ கேட்டு முடிச்சி முக்கா நிமிஷம் கழிச்சி சொல்லுது. நீ இன்னா பண்ணிட்ட, அதுக்குள்ள நாலு ஸ்டாப்பிங் தாண்டிப் போயிட்ட."

"குருட்டாம்போக்குல சொல்லியிருக்கும்."

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் மெஷின் ரிப்பேரு. நீ எவ்ளோ நேரம் வெயிட் பண்ணன்னு மட்டும் பாத்தேன். ஒரு செகண்டு. அதுவும் மூச்சு வாங்கிக்கினு இருந்த."

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ஷாஹீன் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தாள். பட்டியலில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எட்டு வீட்டில் முதலில் அந்த வீட்டுக்கு ஏன் போகிறாள் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே தேவிப்ரியாவின் அம்மா சங்கரி தறியில் உட்கார்ந்திருந்தாள். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை. உடம்பில் அங்கங்கே சின்னச் சின்னப் பூவாக ஜரிகைப் புட்டா. கை குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவைத் தள்ளுகிறது, கால் மிதிக்கிறது, கண் துணியில் நிற்கிறது.

"வணக்கம்மா, நான் தேவிப்ரியாவோட கணக்கு டீச்சர். நல்லா இருக்கீங்களா?"

பதில் இல்லை. சங்கரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பொண்ணு வூட்டுல படிக்குதா? வேலை இருக்குமில்ல, எங்க படிக்கப் போவுது... ராத்திரி எப்போ தூங்கும்? சீக்கிரம் தூங்கிடும்னு நினைக்கிறேன். இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்து போடணும்மா. போடத் தெரியுமில்ல?"

தறி மட்டும் ஓடியது. ஷாஹீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீடு தேடி வந்த டீச்சரை ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லக் கூடாதா? அப்போது பின்கட்டிலிருந்து தேவிப்ரியா ஓடி வந்தாள். கையில் பாதி தின்ற முறுக்கு.

"மிஸ், மிஸ், இப்ப அம்மாகிட்ட பேசாதீங்க! எண்ணிக்கினு இருக்குது. வாயைப் பாருங்க."

ஷாஹீன் பார்த்தாள். சங்கரியின் உதட்டுக்கு நடுவில் ஒரு விரல் நீளத்துக்குப் பட்டு நூல் இருந்தது. பல்லால் கவ்வியிருந்தாள்.

"ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவுல இத்தனை இழைதான் ஓட்டணும்னு கணக்கு மிஸ். நடுவுல பேசினா எண்ணிக்கை போயிடும். எண்ணிக்கை போச்சின்னா புட்டா இடம் மாறிடும். அப்புறம் பிரிக்கணும். எங்கப்பா கத்துவாரு. அதனால எண்ணும்போது நூலைக் கவ்விக்குவோம். வாயில நூல் இருந்தா யாரும் எதுவும் கேக்கக்கூடாது. கேட்டாலும் அவங்க முடிச்சிட்டுத்தான் சொல்லுவாங்க. எங்க வூட்டு சட்டம்."

இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி ஷாஹீன் கேட்டதில்லை. அவள் கண் தேவிப்ரியாவின் சடைக்குப் போனது. பச்சை ரிப்பனின் நுனி நைந்து திரி திரியாக இருந்தது.

"கண்ணு," என்றாள் மெதுவாக. "க்ளாஸ்ல நீ ரிப்பனைக் கடிக்கிறியே. அது..."

மீதியை அவளே சொல்லிவிடப் பார்த்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ நிறுத்தினாள்.

தேவிப்ரியா முறுக்கைக் கடித்தபடி யோசித்தாள். "எண்ணத்தான் மிஸ். பன்னெண்டு பன்னெண்டா ஒரு பக்கம் போவேன், பதினெட்டு பதினெட்டா ஒரு பக்கம் வருவேன். ரெண்டும் எங்க முட்டுதுன்னு பாப்பேன். க்ளாஸ்ல நூலு இல்ல இல்ல, அதான் ரிப்பன்."

"எண்ணிக்கினு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி?"

"வாயில ரிப்பன் இருந்துதே மிஸ்," என்றாள் தேவிப்ரியா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அதே நேரம் தறி நின்றது. சங்கரி வாயிலிருந்து நூலை எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டு, முகம் மலர எழுந்து வந்தாள்.

"வாங்க டீச்சர். நல்லா இருக்கேன். வூட்டுல படிக்குது டீச்சர், தறிக்குப் பக்கத்துல உக்காந்துக்கினு படிக்கும். ஒன்பது மணிக்குத் தூங்கிடும். கையெழுத்து நல்லாவே போடுவேன், எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். காபி குடிப்பீங்களா?"

கேட்ட வரிசையிலேயே ஒன்று விடாமல் பதில் சொன்னாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"பாரம் குடுங்க. எதுக்கு டீச்சர் கையெழுத்து?"

இப்போது பதில் சொல்ல வேண்டியது ஷாஹீனின் முறை. அவள் பைக்குள் கையை விட்டாள். பாரம் விரலில் பட்டது. வெகுநேரம் பேசவில்லை. சங்கரியும் அவசரப்படவில்லை. டீச்சருக்கு யோசிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது போல என்று நின்றாள்.

"அது... வேணாம்மா," என்றாள் ஷாஹீன் கடைசியில். "தேவைப்பட்டா அப்புறம் வரேன். காபி குடிக்கிறேன்."

புதன்கிழமை காலை தலைமையாசிரியை வடிவாம்பாள் கண்ணாடிக்கு மேலாக ஷாஹீனைப் பார்த்தார்.

"எட்டுப் பேரு சொன்னீங்க. இப்ப ஏழுன்னா எப்படி? ரெண்டு வருஷமா கேள்வி கேட்டா அது வாயைத் தொறக்கலன்னு என்கிட்ட வந்து அழுதது யாரு? நானா?"

"நான்தான் மேடம். அது வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் தொறந்துட்டேன்."

"இந்தக் கதையெல்லாம் மேல எழுதி அனுப்ப முடியாது ஷாஹீன். மத்தியானம் உங்க பிரியடுக்கு நான் வந்து உக்காருறேன். அது பேசட்டும், பேரை எடுக்கறேன். பேசலைன்னா அந்த ரூமுக்குத்தான் போகணும்."

வழக்கமாக ஒரு பிரியடுக்கு நாற்பது கேள்வியோடு போகிறவள் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியோடு போனாள். அதைத் தயார் செய்யவே முந்தின நாள் ராத்திரி வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரே பதில் இருக்கிற கேள்வி என்றால் வகுப்பில் எதற்கும் முந்துகிற கதிர்வேல் கத்திவிடுவான், மற்றவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள். பல பதில் இருக்கிற கேள்வியாக வேண்டும். யோசிக்காமல் சொன்னால் மாட்டிக்கொள்ளவும் வேண்டும்.

வடிவாம்பாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு விறைத்துப்போய் இருந்தது.

"இன்னைக்குப் பதிலை நான் சொல்லிடறேன்," என்றாள் ஷாஹீன். "நீங்க கேள்வியைக் கண்டுபிடிங்க. ரெண்டு பஸ்ஸு ஒன்னா கிளம்புது. மறுபடி மொதமொதல்ல ஒன்னா கிளம்பறது அறுபதாவது நிமிஷத்துல. அப்படின்னா எது எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தபா கிளம்பும்? நோட்டுல போட்டுப் பாருங்க. யாரும் கை தூக்க வேணாம், நானே கூப்பிடறேன். எப்படி வந்துதுன்னும் சொல்லணும்."

"பத்தும் ஆறும் மிஸ்!" என்று எழுந்தே விட்டான் கதிர்வேல். கேள்வி கேட்கிறவர் வாயை மூடும்போது அவன் கை மேலே இருக்கும். அவன் உடம்பு அப்படி.

"வெரி குட்!" என்றார் வடிவாம்பாள் பின்னாலிருந்து. அவர் சமூக அறிவியல் டீச்சர்.

ஷாஹீனுக்கு நாக்கு அரித்தது. அது தப்பு, முப்பதாவது நிமிடத்திலேயே இரண்டும் சேர்ந்துவிடும். சொல்ல ஒரு நொடி போதும். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம், வண்டி ஓடிவிடும். அவள் தலைமையாசிரியையையும் பார்த்தாள், கதிர்வேலையும் பார்த்தாள்.

"கதிர்வேல் சொன்னதைப் பத்தி மத்தவங்க இன்னா நினைக்கிறீங்க?" என்றாள். அவ்வளவுதான். பிறகு வாய் தானாகத் திறந்துவிடுமோ என்று பயந்து, முந்தானை நுனியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கவ்விக்கொண்டாள்.

வகுப்பு அதைப் பார்த்தது. ஒன்றிரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேவிப்ரியா சிரிக்கவில்லை. அவள் டீச்சரின் வாயையே பார்த்தாள். பிறகு ரொம்ப இயல்பாக, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துத் தலையாட்டுகிற மாதிரி ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு, தன் ரிப்பனை எடுத்துக் கவ்விக்கொண்டாள்.

ஃபேன் சுற்றியது. யாரோ ரப்பரைக் கீழே போட்டார்கள். ஐந்து நொடி. பத்து நொடி. பதினோரு வருடத்தில் அவளுடைய எந்த வகுப்பும் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. வடிவாம்பாள் வாட்ச்சைப் பார்த்தார். ஷாஹீனைப் பார்த்தார். "என்ன மிஸ், நெக்ஸ்ட்..." என்று ஆரம்பித்தார். ஷாஹீனின் கை தானாகவே எழுந்து, உள்ளங்கையைக் காட்டி, தலைமையாசிரியையை நிறுத்தியது. பிள்ளைகள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

தேவிப்ரியா ரிப்பனை எடுத்தாள்.

"பத்தும் ஆறும் இல்ல மிஸ். அது முப்பதுலேயே ஒரு தபா முட்டிடும்."

எல்லோரும் பின்னால் திரும்பித் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். வடிவாம்பாள் விரலை மடக்கினார். ஆறு, பன்னெண்டு, பதினெட்டு. இன்னொரு கையை மடக்கினார். முகம் கொஞ்சம் சிவந்தது. "ஆமா," என்றார். "முட்டிடுது."

"அறுபதுலயும்தான முட்டுது!" என்றான் கதிர்வேல்.

"மொதமொதல்லன்னு மிஸ் சொன்னாங்க. நீ எங்க கேட்ட? அதுக்குள்ள எந்திரிச்சிட்ட."

கதிர்வேலே சிரித்துவிட்டான். ஷாஹீன் முந்தானையை விட்டாள். "சரி, நீ இன்னா போட்ட?"

"பன்னெண்டும் இருபதும் மிஸ். பன்னெண்டுல அஞ்சாவது தபா, இருபதுல மூனாவது தபா. நடுவுல எங்கயும் முட்டல. மூனு வாட்டி எண்ணிப் பாத்துட்டேன்."

அன்றைக்கு அந்த ஒரு கேள்வியிலேயே பிரியடு முடிந்தது. பட்டியலில் இருந்த எஸ்தர் "இருபதும் முப்பதும்" என்றாள். பட்டியலில் இருந்த சத்யராஜ் முதலில் அஞ்சும் பத்தும் என்றான். எப்படி வந்தது என்று கேட்டதும் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தானே நின்று, "இல்ல மிஸ், இது பத்துலேயே சேந்துடுது, எனக்கு டைம் குடுங்க" என்று உட்கார்ந்தான். மணி அடிக்கிற நேரத்தில் "பதினஞ்சும் இருபதும்!" என்று கத்தினான். யாருக்கும் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. எல்லோரும் நோட்டில் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் இருந்த மற்ற ஐந்து பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஷாஹீன் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று பார்த்தாள். அவர்களுக்கு நிஜமாகவே வரவில்லை. அதையும் அவள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள்.

வராந்தாவில் வடிவாம்பாள் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு தலைமையாசிரியையைக் கை காமிச்சி நிறுத்துறீங்க."

"மன்னிச்சுக்குங்க மேடம். தெரியாம கை வந்துடுச்சி."

"நல்ல வேளை நிறுத்தினீங்க. இல்லைன்னா இன்னொரு வெரி குட் சொல்லியிருப்பேன்." இரண்டு அடி போய்த் திரும்பினார். "அந்தப் பொண்ணை ரிப்பனைத் துவைக்கச் சொல்லுங்க. உங்க முந்தானையையும்தான்."

அன்று சாயங்காலம் ஃபைசான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். ஷாஹீன் எதிரே வந்து நின்றாள்.

"இன்னா சாப்படறீங்க?"

அதோடு நின்றுவிட்டாள். ஃபைசான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். முந்தானை நுனி அவள் வாயில் இருந்தது.

"உடம்பு கிடம்பு சரியில்லியா?"

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஃபைசான் செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார். தலையைச் சொறிந்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் கிடைத்துப் பழக்கமில்லாத மனுஷன்.

"பிரியாணி," என்றார் கடைசியில். "ஆனா தோசையும் ஓகேதான்."

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு ஷாஹீன் பட்டியலைக் கொடுத்தாள். அதில் ஐந்து பெயர் இருந்தது. தேவிப்ரியா, எஸ்தர், சத்யராஜ் பெயர் இல்லை. வடிவாம்பாள் கையெழுத்துப் போட்டார்.